மின்மினிக் காட்சியும் எங்கள் வீட்டு டிஸ்க் பெட்டியும்

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நேற்றுப் பௌர்ணமி டியூட்டியில் நின்று நின்று கால் இரண்டும் வீங்கிக் கிடக்கின்றன. கலெக்டர் ஆபீசில் வேலை பார்ப்பவளுக்குப் பௌர்ணமி என்றால் நிலா கிடையாது. தண்ணீர் லாரி, காணாமல் போன சொந்தக்காரர், கிரிவலப் பாதையில் நின்றுகொண்டே "கிரிவலப் பாதை எங்கம்மா இருக்குது?" என்று கேட்கிறவர்கள்.

இன்று முழுக்கப் படுத்தே கிடப்பது என்று முடிவு செய்திருந்தேன். காப்பி ஆறுவதற்குள் தம்பி புகழேந்தி சென்னையிலிருந்து வந்து வாசலில் நிற்கிறான். ஆபீஸ் வேலையாகச் சிங்கப்பூர் போய்வந்த பவுசு முகத்தில் தெரிந்தது. எனக்குத் தலைவலித் தைலம், இவருக்கு டீ-ஷர்ட், பிள்ளைகளுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. 4K டிஸ்க் போட்டுப் படம் பார்க்கிற பெட்டியாம். கூடவே மூன்று டிஸ்க். மூன்றும் குடும்பத்தோடு பார்க்கிற கார்ட்டூன் படங்கள்.

இவர் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"டிஸ்கா? ஊர்ல டிவிடி கடைய எல்லாம் மூடிட்டு செல்போன் கடை வெச்சிட்டாங்க மச்சான். நீ இப்ப வந்து டிஸ்க் தர்ற."

"மாமா, இது வேற. நெட்ல வர்றது பிழிஞ்சு அனுப்பற படம். இது பிழியாதது."

"நம்ம டிவில நெட்லயே 4Kனு போட்டு வருதே?"

"போட்டு வரும். சாறு கம்மியா இருக்கும்."

இவருக்குச் சுருக்கென்றது. தேரடித் தெருவில் ஸ்டுடியோ வைத்துக் கல்யாண ஆல்பம் போடுகிறவர். நிறம் விஷயத்தில் எங்கள் வீட்டில் இவர் வைத்ததுதான் சட்டம். என் முகூர்த்தப் புடவையிலிருந்து ஹால் சுவர் வரைக்கும் இவர் தேர்ந்தெடுத்ததுதான். "கலரைப் பத்தி எங்கிட்டயேவா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கறிக்குழம்பை இரண்டாம் தடவை கேட்கவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பெட்டி டிவிக்குக் கீழே சும்மா உட்கார்ந்திருக்கிறது. பழைய ஒயர் இதற்கு ஒத்துவராதாம். ஒயர் ஒயர் என்று இனியன் உயிரை எடுக்கிறான். ஒன்பதாம் வகுப்புக் கணக்குக்கு இந்தத் தவிப்பு இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றி, மிட்டாய் வாங்கிக்கொண்டு சீக்கிரம் வீடு வந்தேன். ஒயர் வந்துவிட்டது. மதியம் சாப்பிட்டதும் ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டுப் பரீட்சையை ஆரம்பித்தோம். ஒரே படம். நெட்டில் ஒரு தடவை, டிஸ்கில் ஒரு தடவை. இனியன்தான் நடுவர். புகழேந்தி போனில் வீடியோ காலில் இருந்தான்.

படம், வெள்ளத்தில் குடும்பத்தைத் தொலைத்த ஒரு நீர்நாய்க் குட்டியைப் பற்றியது. மின்மினிகளைப் பின்தொடர்ந்து ஆற்றோரமாகவே வீடு போய்ச் சேரும்.

எனக்குப் பட்டதை எனக்காவது ஒழுங்காகச் சொல்லிக்கொள்கிறேன். பகல் காட்சிகளில் ஒரு வித்தியாசமும் இல்லை. ஆறு, படகு, சந்தை எல்லாம் இரண்டிலும் ஒரே மாதிரி பளபளவென்று இருந்தன. சோபாவில் உட்கார்ந்து பார்த்தால் எது எது என்று சொல்லவே முடியாது. கிட்டப் போய்ப் பார்த்தால் குட்டியின் நனைந்த மயிர் டிஸ்கில் தனித்தனியாகத் தெரிந்தது. யார் டிவியில் மூக்கை வைத்துக்கொண்டு படம் பார்க்கப்போகிறார்கள்?

ராத்திரிக் காட்சி வந்தது. அங்கேதான் ஆச்சரியம். நெட்டில் வானம் கரி பூசிய சட்டி மாதிரி திட்டுத் திட்டாக இருந்தது. நிலாவைச் சுற்றி வளையம் வளையமாகக் கோடு. டிஸ்கில் அதே வானம் வழுக்கிக்கொண்டு இருட்டுக்குள் போகிறது. அந்த இருட்டுக்குள் மின்மினிகள். ஒன்று பச்சை, ஒன்று இளமஞ்சள், ஒன்று அணையப்போகிறது. நான் கையிலிருந்த மிட்டாயைத் தின்ன மறந்துபோனேன்.

"அக்கா, எது நல்லா இருக்கு?" புகழேந்தி போனிலிருந்து கத்தினான்.

இவர் முந்திக்கொண்டார். "ரெண்டும் ஒண்ணுதான். என்னக் கேட்டா, டிஸ்க்தான் கொஞ்சம் மங்கலு."

நான், "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

சின்னவள் கவிநிலா தீர்ப்பு வேறு மாதிரி. "டிஸ்க் வேணாம். அது தமிழ் பேச மாட்டேங்குது!" அதுவும் சரிதானே. டிஸ்கில் இங்கிலீஷும் இன்னும் ஏதேதோ பாஷையும் இருக்கின்றன, தமிழ் இல்லை. நெட்டில் நீர்நாய்க் குட்டி நம் மெட்ராஸ் தமிழில் பேசுகிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வானம் எப்படி வழுக்கினால் என்ன?

ஆகஸ்ட் 17, ஞாயிறு

தமிழுக்கு வழி கண்டுபிடித்தாகிவிட்டது. டிஸ்க்கைப் போட்டுச் சத்தத்தைக் குறைத்துவிட்டு இவர் கதை சொல்கிறார். நீர்நாய்க்கு ஒரு குரல், தவளைக்கு ஒரு குரல். தவளை பேசுவது எங்கள் மாமனார் மாதிரியே இருக்கிறது. கவிநிலா இவர் மடியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். கல்யாண வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு இவ்வளவு அழகாக வந்து எத்தனை நாளாகிறது!

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இன்று இரண்டாவது டிஸ்க். சந்தையில் தொலைந்த பொம்மையின் கதை. சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது.

"இப்போ அந்த மூலையில ஒரு முயல் பதுங்கி இருக்குது..."

"அப்பா, அது கூடைபா!"

"கூடைக்குள்ள முயல் இருக்குதுடி. உனக்குத் தெரியல."

கொஞ்ச நேரம் கழித்து, "ஆயா வாசல்ல நின்னு கை ஆட்டுது" என்றார். ஆயா இல்லை, கொடியில் காய்கிற பாவாடை. இனியன் தரையில் விழுந்து புரண்டான். இவரும் சேர்ந்து சிரித்தார். வேண்டுமென்றே தப்பாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். நல்லா நடிக்கிறார் மனுஷன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

இவருக்கு வெளிர் மஞ்சளில் ஒரு சட்டை எடுத்தேன். போட்டுப் பார்த்துவிட்டு, "வெள்ளைச் சட்டை எப்பவுமே எனக்கு எடுப்பு" என்றார். கேலி செய்கிறார் போலிருக்கிறது.

செப்டம்பர் 7, ஞாயிறு

மறுபடி பௌர்ணமி. மறுபடி கால்.

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதலாமா வேண்டாமா என்று இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

கவிநிலா நீர்நாய்ப் படமே வேண்டும் என்றாள். சாயங்காலம் நாலு பேரும் உட்கார்ந்தோம். இவர் ஆற்றங்கரை வரை அருமையாகக் கதை சொல்லிக்கொண்டு வந்தார். ராத்திரிக் காட்சி வந்ததும் நிறுத்திவிட்டார்.

"சொல்லுபா" என்றாள் கவிநிலா.

"என்னத்த சொல்றது? கறுப்புத் துணி கட்டிவுட்ட மாதிரி இருக்குது. இதுக்குத்தான் உங்க மாமன் அவ்ளோ பெருமை அடிச்சானா?"

நாங்கள் மூன்று பேரும் டிவியைப் பார்த்தோம். டிவி முழுக்க மின்மினி. எண்ண முடியாத அளவுக்கு மின்மினி.

கவிநிலா எழுந்து போய் டிவியைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். "இங்க பாருபா. இங்க. இங்க ஒண்ணு. இது இப்ப அணையுது பாரு."

"எனக்குத் தெரியாதா? எனக்கே காட்டறியா? உங்கப்பன் கலர் பாக்கறவன்டி!"

அப்படி ஒரு கத்தல் அவளிடம் கத்தியதே இல்லை. ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தார். கவிநிலா டிவி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். விரல் இன்னும் மேலேயே இருந்தது.

முயல், ஆயா, மஞ்சள் சட்டை — நடிக்கவில்லையா? ஒன்றுமே நடிப்பு இல்லையா? நான் என்ன பொண்டாட்டி! பக்கத்திலேயே உக்காந்து சிரிச்சிக்கிட்டு இருந்திருக்கேன்.

செப்டம்பர் 15, திங்கள்

பெட்டியும் டிஸ்க்கும் பரண்மேல் போய்விட்டன. இவர்தான் ஏற்றினார்.

செப்டம்பர் 19, வெள்ளி

மதியம் சாப்பாட்டு நேரத்தில் மணிமொழி ஆபீசுக்கே வந்துவிட்டாள். இவர் ஸ்டுடியோவில் ஆல்பம் டிசைன் செய்கிற பெண். அடி அண்ணாமலையிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணன் போட்டோவுல எல்லாம் நீலத்த ஏத்திக்கினே இருக்காருக்கா."

"நீலமா?"

"எதப் பாத்தாலும் 'மஞ்சளடிச்சிருக்கு, மஞ்சளடிச்சிருக்கு'ன்றாரு. மஞ்சளே இருக்காது. அதப் போக்கறதுக்கு நீலத்த ஜாஸ்தி பண்றாரு. மாப்பிள்ள வேட்டி நீலம் போட்டு அலசின மாதிரி ஆயிடுது. பொண்ணு மொகம் கருநீலமா தெரியுது."

"அப்புறம்?"

"அவரு வீட்டுக்குக் கெளம்பனதும் நான் பழையபடி மாத்தி பிரஸ்ஸுக்கு அனுப்பிடுவேன். ஒரு வருஷமா இப்பிடித்தான் ஓடுது." டம்ளரைக் கீழே வைத்தாள். "ஆனா வல்லரசு சார் வீட்டு ஆல்பத்த அண்ணனே நேர்ல போய் அச்சடிச்சிட்டு வரேன்னு எடுத்துட்டுப் போயிட்டாரு. நான் தொடவே முடியல."

ஒரு வருஷம். எனக்குத் தெரியாமல் போனதைவிட, இவருக்கே தெரியாமல் இருந்திருக்கிறதே! தெரிந்தும் மறைக்கிறாரோ? அதுவும் புரியவில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

பேசிப் பார்த்தேன். மணிமொழி பெயரை எடுக்கவில்லை.

"ஏங்க, ஒரு தடவ கண்ணக் காட்டிட்டு வந்துடலாமே. சும்மா ஒரு டெஸ்ட்டுதான்."

"நாப்பத்தாறு வயசுல எனக்கு என்ன கண்ணு போவுது?"

"போவுதுன்னு யார் சொன்னா?"

"அந்தப் பொட்டி வந்ததுலருந்து இந்த வீட்ல எல்லாரும் எனக்குப் பாடம் எடுக்கறீங்க. ஒரு கார்ட்டூனு. அதுல நாலு பூச்சி. அது தெரிஞ்சா என்ன, தெரியலன்னா என்ன?"

நானும் விடவில்லை. "பூச்சி தெரியலன்னா பரவால்லங்க. எதிர்ல வர்ற பஸ்ஸு?"

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்த மஞ்சள் சட்டையேதான்.

செப்டம்பர் 28, ஞாயிறு

வல்லரசு ஸ்டுடியோவுக்கே வந்து சத்தம் போட்டாராம். வேங்கிக்காலில் எங்களுக்கு மூன்று தெரு தள்ளி இருக்கிறவர். சின்ன வயதிலிருந்து இவருக்குப் பழக்கம். ஆல்பத்தை மேஜைமேல் விரித்துப் போட்டு, "இன்னாயா இது? எம்பொண்ணு இன்னா ஐஸ் பொட்டில வெச்ச மீனா? சம்பந்தி வூட்ல இத எப்பிடிக் காட்டறது?" என்று கேட்டாராம். கடையில் அப்போது வேறு இரண்டு பார்ட்டிகள் இருந்திருக்கிறார்கள்.

இதை இவர் என்னிடம் சொன்னது மதியம். சாப்பிடக்கூட இல்லை. ஆல்பத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"ரேவதி, உள்ளதச் சொல்லு. நீலமா இருக்குதா?"

"இருக்குதுங்க."

"நெறையவா?"

"நெறைய."

ஆல்பத்தை மூடிவைத்தார். பிறகு நாற்காலியைப் போட்டு ஏறிப் பரண்மேலிருந்த பெட்டியை இவரே இறக்கினார். இனியனைக் கூப்பிட்டு அந்த ராத்திரிக் காட்சியைப் போட்டு நிறுத்தச் சொன்னார். ஜன்னல் திரையை மூடினோம்.

முதலில் சோபாவிலிருந்து பார்த்தார். பிறகு எழுந்தார். ஒவ்வொரு அடியாகக் கிட்டே போனார். டிவிக்கு ஒரு முழம் தூரத்தில் நின்று இடது கண்ணைப் பொத்திக்கொண்டார். பிறகு வலது கண்ணை.

"எவ்ளோ இருக்குது?" என்று கேட்டார்.

"எண்ண முடியாதுபா" என்றான் இனியன், மெதுவாக.

"எனக்குப் பொகை மாதிரி தெரியுதுடா. நடுவுல லேசா ஒரு பொகை. அவ்ளோதான்."

நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். என் தோளைப் பிடித்துக்கொண்டார். "எங்கண்ணு ரேவதி" என்றார். இவர் தொழிலே அந்தக் கண்தானே? பயந்துபோய்த்தான் கத்தியிருக்கிறார், பாவம்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. கேமரா, கம்ப்யூட்டர், ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தோம். கவிநிலா டிஸ்க் பெட்டிக்கும் சந்தனம் அப்பிவிட்டாள். டிஸ்க் போகிற வாயிலேயே அப்பியிருக்கிறாள். இனியன் காது குடைகிற பஞ்சை வைத்துச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறான்.

அக்டோபர் 4, சனி

கண் டாக்டரிடம் போய்வந்தோம். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் அதிகம். ரத்தத்தில் சர்க்கரையும் ஏறிக் கிடக்கிறது. இவ்வளவு நாள் பார்க்கவே இல்லை.

"சர்க்கரை இருந்தா புரை சின்ன வயசுலயே வரும்" என்றார் அந்த டாக்டரம்மா. "எல்லாமே பழுப்பா, மஞ்சளா தெரியும். கொஞ்சம் கொஞ்சமா வர்றதால உங்களுக்கே தெரியாது. ஆபரேஷன் பண்ணி லென்ஸ் வெச்சா சரியாயிடும். முதல்ல சர்க்கரைய எறக்கிட்டு வாங்க."

"எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க, கார் ஓட்டும்போதா?" என்று டாக்டரம்மா என்னைக் கேட்டார்.

இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன்.

"நீர்நாய் படம் பாத்தோங்க" என்றார் இவர்.

டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் கொஞ்சம். வெளியே வந்து இரண்டு பேரும் டீ குடித்தோம், சர்க்கரை இல்லாமல். "இது டீயா, சுடுதண்ணியா?" என்று ரோடு முழுக்கப் புலம்பிக்கொண்டே வந்தார். சரி, மனுஷன் பழையபடி ஆகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

புகழேந்திக்குப் போன் போட்டு எல்லாம் சொன்னேன். "அக்கா, நான் படம் பாக்கத்தானே வாங்கிக் குடுத்தேன்" என்றான். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அதிரசம் சுட்டு ஒளித்துவைத்தேன். கண் தெரியாத மனுஷன் அதை மட்டும் எப்படிக் கண்டுபிடித்தாரோ! பாதி தின்னும்போது பிடிபட்டார். "கருவடாம்னு நெனச்சேன்" என்கிறார்.

நவம்பர் 6, வியாழன்

நேற்றுப் பௌர்ணமி டியூட்டி. இன்று லீவு போட்டு ஆஸ்பத்திரி. வலது கண் ஆபரேஷன் முடிந்தது. உள்ளே போகும்போது என் கையை விடவே இல்லை. வெளியே வரும்போது, "இவ்ளோதானா?" என்று வீரம் பேசிக்கொண்டு வந்தார். கண்ணில் கட்டு. நாளைக்குப் பிரிப்பார்களாம். தலைக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது, குனியக்கூடாது, வேளாவேளைக்குச் சொட்டு மருந்து.

பிரித்துப் பார்த்து ஒன்றும் தெரியவில்லை என்றால்? எழுதவே கூடாது அதை.

நவம்பர் 7, வெள்ளி

கட்டைப் பிரித்தார்கள். இவர் முதலில் பார்த்தது ஆஸ்பத்திரிச் சுவரை.

"இந்தச் செவுரு வெள்ளையா?"

"வெள்ளைதாங்க."

"இவ்ளோ வெள்ளையாவா வெச்சிருக்காங்க!"

ஆட்டோவில் வரும்போது கறுப்புக் கண்ணாடியைத் தூக்கித் தூக்கி ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்துக்கொண்டே வந்தார். பழைய கண்ணில் உலகம் டீ டிகாஷனில் முக்கியது மாதிரி இருக்கிறதாம். புதுக் கண்ணில் கழுவிவிட்ட மாதிரி. "ஒரு கண்ணு டிஸ்க், ஒரு கண்ணு நெட்டு" என்றார். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். ஒரு கண்ணை மூடினார். மறு கண்ணை மூடினார்.

"நீ கட்டி இருக்கறது நீலப் பொடவையா?"

"ஆமா."

"நான் பச்சைனு நெனச்சிக்கினு இருந்தேன்."

போன வருஷம் எங்கள் கல்யாண நாளுக்கு எடுத்த புடவை இது. இத்தனை நாளும் இந்த மனுஷன் பச்சைப் புடவைக்காரி ஒருத்தியோடு குடித்தனம் நடத்தியிருக்கிறார்!

நவம்பர் 16, ஞாயிறு

டாக்டரம்மா டிவி பார்க்கலாம் என்றுவிட்டார். மறுபடி பரீட்சை. இந்த முறை நடுவர் இவர். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, நீதிபதி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

மின்மினிக் காட்சி வந்தது. முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார். மறுபடி. இனியன் நாலாம் தடவை போட்டுவிட்டு ரிமோட்டை இவர் கையிலேயே கொடுத்துவிட்டான்.

புகழேந்திக்குப் போன் போட்டுத் தீர்ப்புச் சொன்னார். "மச்சான், பகல் சீனெல்லாம் சோபாவுலருந்து பாத்தா ஒண்ணுதான். அதுல வித்தியாசம்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். ஆனா ராத்திரி சீன்ல உன் டிஸ்க் ஜெயிச்சிடுச்சு."

"அதான் மாமா விஷயமே. கார்ட்டூன் படம் நெறைய சின்ன சைஸ்ல பண்ணி 4Kக்கு இழுத்துதான் போடறாங்க. டிஸ்க்ல ஆதாயம் கலரும் இருட்டும்தான்."

"கலரும் இருட்டும்" என்று இவர் திரும்பச் சொல்லிக்கொண்டார்.

வாங்கலாமா என்று ஆபீசில் யாராவது கேட்டால் என்ன சொல்வேன்? பெரிய டிவி இருந்து, ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிற பிள்ளைகளும் இருந்தால் வாங்கலாம். தமிழ் வேண்டும், ஒரு தடவை பார்த்தால் போதும் என்றால் நெட்டே போதும். எனக்கா? எனக்கு அந்த வானம் வேண்டும். இன்று உரக்கவே சொன்னேன். "எனக்கு டிஸ்க்தான் பிடிச்சிருக்கு. அன்னிக்கே பிடிச்சிருந்தது." இவர் ஆச்சரியமாகப் பார்த்தார். "அன்னிக்கே சொல்றதுக்கென்ன?" என்றார். என்னத்தைச் சொல்ல.

கதை சொல்வதும் மறுபடி ஆரம்பம். எல்லாம் சரியாகச் சொன்னார். கூடையைக் கூடை என்றார், தவளையைத் தவளை என்றார். கவிநிலா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"அப்பா, நீ சொல்றது எல்லாம் படத்துலயே தெரியுதேபா."

எழுந்து விளையாடப் போய்விட்டாள்.

நவம்பர் 21, வெள்ளி

இவர் ஸ்டுடியோவில் பழைய ஆல்பங்களைக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்திருக்கிறார். இவர் செய்ததாக நினைத்ததும் அச்சுக்குப் போனதும் வேறு வேறாக இருந்தன. மணிமொழியைக் கூப்பிட்டுக் கேட்டாராம். அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு வருஷமா எங்கடைய அந்தப் பொண்ணு காப்பாத்தி இருக்குது ரேவதி. எங்கிட்ட வாயத் தொறக்கல. நான் அப்பிடியாப் பயமுறுத்தி வெச்சிருக்கேன்?"

பதில் அவருக்கே தெரியும்.

"அவகிட்ட என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"என்ன சொல்றது. இனிமே ராத்திரியில மாத்தாத, எம்மூஞ்சிக்கு நேரா மாத்துன்னேன்."

வல்லரசு வீட்டு ஆல்பத்தை இரண்டு பேருமாக உட்கார்ந்து புதிதாகப் போட்டுக் கொடுத்துவிட்டார்களாம். படத்தில் பெண் இப்போது உயிரோடு இருக்கிறாள்.

டிசம்பர் 3, புதன்

தீபம். டியூட்டி. ஊரில் கால் வைக்க இடமில்லை. இவர் பிள்ளைகளோடு மொட்டைமாடியிலிருந்து பார்த்தாராம். வலது கண்ணில் ஒரு தீபம், இடது கண்ணில் ஒரு தீபம், இரண்டும் வேறு நிறமாம். இடது கண் ஆபரேஷன் பொங்கலுக்குப் பிறகு.

டிசம்பர் 11, வியாழன்

மூன்றாவது டிஸ்க்கை இன்னும் யாரும் பிரிக்கவே இல்லை என்று இன்றுதான் கவனித்தேன். இனியனுக்கு அரையாண்டுப் பரீட்சை. முடியட்டும்.

டிசம்பர் 14, ஞாயிறு

காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். இவர் இரண்டு படங்களை அச்செடுத்துக் கொண்டுவந்து அடுப்பு மேடையில் எண்ணெய்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார். படவேடு பக்கத்துக் கல்யாணம். பெண் மணவறையில் குனிந்து சிரிக்கிற படம். இரண்டும் ஒரே படம்தான், ஒன்று கொஞ்சம் வெதுவெதுப்பாக, ஒன்று கொஞ்சம் பளிச்சென்று.

"எது நல்லா இருக்குது?"

கரண்டியோடு திரும்பிப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கேள்வி இந்தச் சமையலறைக்குள் வந்ததில்லை.

"ஏன், உங்களுக்குத் தெரியலையா?"

"தெரியுது, நல்லாவே தெரியுது. நீ சொல்லு."

அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். இடது பக்கத்துப் படத்தைக் காட்டினேன். அதில் அந்தப் பெண்ணின் கன்னம் அடுப்பு வெளிச்சத்தில் நிற்கிறவள் கன்னம் மாதிரி இருந்தது.

"இதுவா? இதுல பட்டு எடுப்பா இல்லையே. வலதுதான் சரி."

"பட்டுக்கா கல்யாணம்? பொண்ணுக்குத்தானே?"

"உனக்குத் தெரியாது."

"அப்ப ஏன் கேட்டீங்க?"

தோசை தீய்ந்துபோனதுதான் மிச்சம். அதையே தின்றுவிட்டு, இரண்டு படங்களையும் சுருட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். நான் துணி துவைக்கப் போய்விட்டேன்.

சாயங்காலம் மணிமொழி வேறு எதற்கோ போன் செய்தாள். பேச்சோடு பேச்சாக, நான் காட்டிய வெதுவெதுப்பான படம்தான் அச்சுக்குப் போயிருக்கிறது என்றாள். இவர் ஏழரைக்கு வந்தார், சாப்பிட்டார், கவிநிலாவோடு சண்டை போட்டார். அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

நானும் கேட்கவில்லை.